ஓய்வுபெறும் ஆசிரியருக்கு: காகிதம் முதல் உயில் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிவு உபசார விழாவுக்கு ஒரு மாதம் ஏற்பாடு நடக்கும். சால்வை, மோதிரம், பந்தல், மதியச் சாப்பாடு, குழுப் படம். அதற்குப் பிறகு வரப்போகும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு மாலை நேரம்கூட உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டோம். ஓய்வூதியர் சங்கத்துக்கு வரும் ஆசிரியர்களின் காகித வேலைகளுக்குக் கூடமாட உதவுபவன் என்ற முறையில், தமிழ்நாட்டு அரசு, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஆசிரியர்களுக்கு மற்ற அலுவலர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. முப்பது வருடம் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் பேசி, எதிரே நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருக்க வாழ்ந்தவர்கள் நாம். ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு யாரும் எதையும் கேட்டு வராதபோது அது உறைக்கும். உடனே மறுபடி பாடம் நடத்த ஓர் இடம் தேடத் தோன்றும். அதற்கு முன் கொஞ்ச காலம் மாணவராக உட்கார்ந்து பாருங்கள் என்பதுதான் என் யோசனை. ஏன் என்று நான்காம் படியில் சொல்கிறேன். தேதி தவறினால் சரிசெய்யக் கடினமான வேலைகள் முதலில்.

முதல் படி: ஒரு வருடம் முன்பே பணிப்பதிவேட்டைத் திறந்து பாருங்கள்

ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வந்தால் மாணவர் நலன் கருதி ஆண்டு முடியும்வரை மறுநியமனம் கிடைக்கும். அதை நம்பிக் காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ஓய்வூதியக் கருத்துரு, அதாவது ஓய்வூதியம் கேட்டு அலுவலகம் அனுப்பும் கோப்பு, மறுநியமனம் முடிவதைக் காத்துக்கொண்டிருக்காது.

எஸ்.ஆர். என்று நாம் சொல்லும் பணிப்பதிவேட்டை ஒருமுறை முழுதாக, பக்கம் பக்கமாகப் படியுங்கள். பார்க்க வேண்டியவை: பிறந்த தேதி, எல்லாப் பக்கத்திலும் பெயரின் எழுத்து, தேர்வுநிலை, சிறப்புநிலை ஆணைகள், ஊக்க ஊதியப் பதிவு, விடுப்புக் கணக்கு, ஒவ்வொரு ஆண்டுக்கும் பணி சரிபார்ப்புக் குறிப்பு, பட்டச் சான்றுகளின் உண்மைத்தன்மைச் சான்று. கடைசியாகச் சொன்னதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். அஞ்சல்வழியில் எப்போதோ படித்த பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து உண்மைத்தன்மை வராமலேயே இருந்திருக்கும். தணிக்கைத் தடையாக அது ஓய்வு நேரத்தில் எழுந்து நிற்கும். ஒரு வருடம் கையில் இருந்தால் கடிதம் எழுதி, நேரில் போய், வாங்கிவிடலாம். ஒரு மாதத்தில் முடியாது.

இன்னொன்று, வாரிசு விவரம். மனைவி அல்லது கணவரின் பெயர் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பணிப்பதிவேட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ‘மீனாட்சி’ ஓரிடத்தில், ‘மீனாட்சியம்மாள்’ இன்னோரிடத்தில் என்றிருந்தால், பின்னாளில் குடும்ப ஓய்வூதியத்துக்காக அலையப்போவது அவர்தான். மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், அவருடைய விவரமும் சான்றும் இப்போதே பதிவாக வேண்டும். பெற்றோர் இருவருக்கும் பிறகு அவருக்கு வரவேண்டிய உரிமை அது.

இங்கே சொல்லும் கணக்கெல்லாம் 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்து பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு விதிகள் வேறு. ஓய்வு நாளில் எந்த ஆணை நடப்பில் இருக்கிறது என்று கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

இரண்டாம் படி: மொத்தமாக வரும் பணம்

பணிக்கொடை, வைப்பு நிதி, ஈட்டிய விடுப்பை ஒப்படைத்த தொகை, கம்யூடேஷன் என்று வெவ்வேறு நாளில் பணம் வரும். வாழ்நாளில் முதல்முறையாகப் பாஸ்புக்கில் அவ்வளவு இலக்கங்களைப் பார்ப்போம். ஊரும் பார்க்கும். மருமகனுக்குத் தொழில் தொடங்க ஆசை வரும், தம்பி மகனுக்கு நிலம் ஒன்று மலிவாகக் கிடைக்கும், முன்னாள் மாணவர் ஒருவர் காப்பீட்டு முகவராக வீட்டுக்கு வந்து காலைத் தொட்டுக் கும்பிடுவார். அவர்களில் யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. நமக்குத்தான் ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாது. சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை இப்போதே தயார்செய்யுங்கள்: “மூணு மாசத்துக்கு எதுவும் எடுக்கறதில்லைன்னு வீட்ல முடிவு பண்ணிட்டோம்.” அந்த மூன்று மாதம் பணம் வங்கியில் குறுகிய கால வைப்பில் கிடக்கட்டும். வட்டி கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

கம்யூடேஷன் எடுப்பதா வேண்டாமா என்பதை அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஓய்வூதியத்தில் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்கலாம். 15 ஆண்டுகள் கழித்து அந்தப் பங்கு திரும்ப வரும். இடையில் நீங்கள் இறந்துவிட்டால் குடும்ப ஓய்வூதியத்தில் இந்தப் பிடித்தம் இருக்காது. வீட்டுக் கடன் மிச்சம் இருக்கிறது, அதன் வட்டி கழுத்தை நெரிக்கிறது என்றால் எடுங்கள். பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதற்காக மட்டும் எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எடுத்தால், 15 ஆண்டு முடியும் தேதியை எழுதிவையுங்கள். அந்த மாதம் தொகை கூடியிருக்கிறதா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதம் கழிந்தபின்? பெரும்பாலானவர்களுக்கு அஞ்சலகமும் வங்கியும் போதும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். ஐந்து வருடக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. அரசு காலாண்டுக்கு ஒருமுறை வட்டி விகிதத்தை அறிவிக்கும். நீங்கள் சேரும் நாளில் உள்ள விகிதமே உங்களுக்கு ஐந்து வருடமும் தொடரும். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் தனியாக 9 லட்சம், கணவன் மனைவி கூட்டாக 15 லட்சம். வங்கி வைப்புக்குக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம்தான். ஆகவே சிறிய கூட்டுறவு வங்கியில் அரை சதவீதம் கூடுதல் என்று எல்லாவற்றையும் அங்கே கொட்டாதீர்கள். மாதம் பத்து சதவீதம் தருவதாகச் சொல்லும் நிறுவனத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஆசிரியர்கள் தாங்கள் சேர்வதோடு நிற்பதில்லை, சக ஆசிரியர்களையும் சேர்த்துவிடுகிறார்கள். நம் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பது அந்த நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாம் படி: வருடாந்திர வேலைகள்

ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று வருடம் ஒருமுறை உறுதிசெய்யும் நேர்காணல் முன்பு எல்லாருக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்தது. இப்போது அவரவர் ஓய்வுபெற்ற மாதத்தில். கருவூலத்துக்கு நேரில் போகலாம், இ-சேவை மையத்தில் விரல் ரேகை வைத்து மின்னணு உயிர்வாழ்வுச் சான்று எடுக்கலாம், 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லியும் எடுக்கலாம். விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தைப் படம்பிடித்துப் பதியும் வசதியும் உண்டு. “உங்கள் உயிர்வாழ்வுச் சான்று காலாவதி ஆகிவிட்டது, ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று கருவூலத்திலிருந்து யாரும் போன் செய்ய மாட்டார்கள். அப்படி வந்தால் திருடன்.

மருத்துவக் காப்பீட்டுக்கு மாதாமாதம் ஓய்வூதியத்தில் பிடித்தம் உண்டு. அடையாள அட்டை கைக்கு வந்ததா, துணைவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதியில் இருப்பவர் இறந்தால் 50,000 ரூபாய் கிடைக்கும். அதற்கும் நியமனதாரர் வேண்டும். 80 வயதில் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும். பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியைச் சரிபார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காம் படி: எதிலாவது கடைசி பெஞ்ச் மாணவராகச் சேருங்கள்

கணிதம் நடத்தியவர் கணிதமே படித்தால் முதல் வாரத்திலேயே பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார். நமக்கு அது கைவந்த பழக்கம், நாக்கு நிற்காது. அதனால் உங்கள் பாடத்துக்கு முற்றிலும் அந்நியமான ஒன்றை எடுங்கள். தமிழாசிரியர் கணினியில் கணக்கு அட்டவணை போடக் கற்கலாம். அறிவியல் ஆசிரியர் வட்டெழுத்துப் படிக்கலாம். உடற்கல்வி ஆசிரியர் தேவாரப் பண்ணைத் தொண்டையில் கொண்டுவர முயலலாம். சொல்லிக்கொடுப்பவர் உங்களைவிட முப்பது வயது இளையவராக இருந்தால் இன்னும் நல்லது. தெரியாது என்று வாய்விட்டுச் சொல்வது முதல் சில வாரம் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் போன பிறகு வீட்டிலும் பேச்சு மாறும். பேரப்பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் திருத்துவதை நிறுத்திவிட்டு, அவனிடம் போனை எப்படி இயக்குவது என்று கேட்பீர்கள்.

எங்கே படிப்பது? தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-லிருந்து இயங்குகிறது. அதன் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசம். மத்திய அரசின் ‘சுயம்’ இணையக் கல்வித் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களைக் காசில்லாமல் கேட்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க நினைத்தால்தான் கட்டணம். நமக்குச் சான்றிதழ் எதற்கு? பட்டம் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வயதைக் காரணம் காட்டி யாரும் தடுக்க மாட்டார்கள்.

கிளை நூலகத்தை மறக்காதீர்கள். 1,000 ரூபாய் கொடுத்தால் புரவலர் ஆகலாம்; பல ஊர்களில் வாசகர் வட்டமும் உண்டு. மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் காலையில் போனால் மாலை வரை உட்காரலாம்.

தமிழாசிரியர்களுக்கென்றே செய்துவைத்தது போன்ற ஒரு வேலை இருக்கிறது: விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் மெய்ப்புப் பார்ப்பது. நாட்டுடைமையாக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே படங்களாக ஏற்றப்பட்டிருக்கின்றன. கணினி படத்தைப் படித்து எழுத்தாக்கித் தரும், ஆனால் தப்பும் தவறுமாக. துணைக்கால் ‘ர’ ஆகிவிடும், புள்ளி காணாமல் போகும், சந்தி பிரிந்து கிடக்கும். ஒரு பக்கம் அச்சுப் படம், மறுபக்கம் எழுத்து. ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாமவரும் சரிபார்த்தது பச்சை. வாழ்நாள் முழுக்கக் கட்டுரை நோட்டைத் திருத்திச் சலித்தவர்களுக்கு இதில் ஒரு விசித்திரமான சுகம் உண்டு: திருத்தியது திருத்தியதாகவே இருக்கும், அடுத்த வாரம் அதே பிழையோடு திரும்பி வராது. வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்களும் இதைச் செய்யலாம்.

வெளியே போக முடிந்தவர்களுக்குப் பறவைகள். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலின்போதும் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மொட்டைமாடியோ ஊர்க் கண்மாயோ, ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்ததை இ-பேர்டு செயலியில் பதிய வேண்டும். காகமும் மைனாவும் மட்டும் தெரிந்தால் போதும், தொடங்கலாம்.

ஐந்தாம் படி: கூட்டாளிகளைச் சேர்ப்பது

ஓய்வூதியர் சங்கத்தில் முதல் மாதமே உறுப்பினர் ஆகுங்கள். அகவிலைப்படி நிலுவை, காப்பீட்டுக் கோரிக்கை நிராகரிப்பு, குடும்ப ஓய்வூதியத் தாமதம் என்று எதில் சிக்கினாலும் அங்கே ஏற்கெனவே அதில் சிக்கி வெளியே வந்தவர் ஒருவர் இருப்பார். டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவார்கள். 1982-ல் அந்தத் தேதியில்தான் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை அல்ல, அது உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். ஆனால் முதல் வருடம் எந்தப் பொறுப்பையும் ஏற்காதீர்கள். தலைமையாசிரியராக இருந்தவரைக் கண்டவுடன் செயலாளர் ஆக்கிவிடுவார்கள்; அப்புறம் சந்தா வசூலும் தீர்மான நகலுமாக நாள் போய்விடும்.

சங்கம் உரிமைக்கு. உறவுக்குச் சின்ன வட்டம் ஒன்று வேண்டும். 1973-ல் பிரான்சின் துலூஸ் நகரில் மூன்றாம் வயதுக்கான பல்கலைக்கழகம் என்று முதியோருக்காகத் தொடங்கினார்கள். 1980-களில் அது பிரிட்டனுக்குப் போனபோது வடிவம் மாறியது: பேராசிரியர் இல்லை, தேர்வு இல்லை, உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்ள வேண்டும். நம் ஊருக்கு இந்த இரண்டாவது வடிவம் அப்படியே பொருந்தும். செலவே கிடையாது. செய்முறை இதுதான்:

ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். பாதிப் பேராவது ஆசிரியர் அல்லாதவராக இருக்கட்டும்: மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், செவிலியர், தறிக்காரர், விவசாயி. வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம். கோவில் மண்டபம், நூலகத் திண்ணை, யார் வீடாவது. ஒவ்வொரு வாரமும் ஒருவர் அரைமணி நேரம் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். மீதி நேரம் கேள்வி. ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் விதி: முன்பு நடத்திய பாடத்தைப் பற்றிப் பேசக்கூடாது. தலைவர், மேடை, பொன்னாடை, நன்றியுரை எதுவும் வேண்டாம். டீயும் சுண்டலும் முறைவைத்து. பெண்கள் வரக்கூடிய நேரமாக வையுங்கள்; மாலை ஆறரைக்கு வைத்தால் சமையலறையில் இருப்பவர் வர முடியாது, வட்டம் ஆண்கள் மட்டும் அரசியல் பேசும் இடமாகிவிடும். முன்னாள் ஆசிரியைகள் பலருக்கு ஓய்வு என்பதே பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் புதிய வேலை என்றாகிவிடுகிறது. வாரத்தில் ஓர் அரைநாளாவது தன்னுடையது என்று அவர்கள் வீட்டில் சொல்லியே ஆக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு பாடம் நடத்த ஆசை மிச்சம் இருந்தால், தாராளமாக. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்குக் கற்பிக்கத் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள். ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சம்பளம் இல்லை. பழைய பள்ளியிலேயே போய் உட்காருவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். “எங்க காலத்துல...” என்று நாம் தொடங்குவதற்கு முன்பே ஸ்டாஃப் ரூமில் எழுந்து போய்விடுவார்கள்.

ஆறாம் படி: உடம்பும் வீடும்

குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு. அறுபத்தைந்துக்கு முன் இதைச் செய்துவிடுங்கள், விழுந்த பிறகு செய்வதில் பயனில்லை. காது கேட்பதைப் பரிசோதியுங்கள். காது மந்தமானவர்தான் முதலில் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவார். வருடக்கணக்கில் நின்றே நடத்தியவர்கள் காலில் நரம்புச் சுருட்டலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். சென்னை கிண்டியில் 2024 முதல் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை இயங்குகிறது.

ஏழாம் படி: சொத்தும் உயிலும்

உயிலா, தான செட்டில்மென்ட்டா? இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போடுபவர்களில் பட்டதாரிகளும் உண்டு. உயில் நீங்கள் இறந்த பிறகே நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் வேண்டும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது வழக்கைக் குறைக்கும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். உங்களைவிட வயதில் இளையவர்கள் சாட்சியாக இருப்பது நல்லது.

செட்டில்மென்ட் எழுதினால் சொத்து அன்றே கைமாறிவிடும். மகன் கேட்கிறான், பதிவுச் செலவு குறைவு என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வீட்டில் வராந்தாவுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு வரிகள் பத்திரத்தில் இருக்கட்டும்: ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை உங்களுக்கும் துணைவருக்கும், அடிப்படைத் தேவைகளையும் மருத்துவத்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 23-ஆம் பிரிவு இந்த நிபந்தனையைத்தான் பிடித்துக்கொள்கிறது. கவனிக்காமல் விட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக்கொடுத்துப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். நிபந்தனை எழுதாத பத்திரத்தோடு போனால் வாதம் நீளும். பத்திர எழுத்தர் “அதெல்லாம் எதுக்கு சார், சொந்தப் பையன்தானே” என்பார். எழுதச் சொல்லுங்கள்.

பவர் பத்திரத்தைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் உண்டு. எழுதிக்கொடுத்தவர் நினைவை இழந்து சுயமாக முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனால் அந்தப் பவர் செல்லாது. மறதி நோய்க்கு முன்னேற்பாடாக அதை நம்ப முடியாது. அதனால் வங்கிக் கணக்கை இருவரில் யாரும் இயக்கும்படி கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், நியமனதாரரைப் பதியுங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம்.

கடைசி நேரச் சிகிச்சை பற்றியும் எழுதிவைக்கலாம். செயற்கைச் சுவாசம் வேண்டுமா, எந்த நிலையில் வேண்டாம், யார் முடிவெடுக்க வேண்டும் என்ற முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன் கையெழுத்திட்டால் போதும். வெளிநாட்டில் ஒரு பிள்ளை, உள்ளூரில் ஒரு பிள்ளை என்று இருக்கும் வீடுகளில் இது பெரிய சண்டையைத் தடுக்கும்.

எட்டாம் படி: ஒரு நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, துணைவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். ஓய்வூதியப் புத்தக எண், கருவூலத்தின் பெயர், வங்கிக் கணக்குகள், வைப்புகள் முதிரும் தேதி, காப்பீட்டு அட்டை எண், பத்திரங்கள் எந்த பீரோவில், உயில் யாரிடம், யாருக்குக் கொடுத்த கடன், யாரிடம் வாங்கிய கடன். ஓய்வூதியர் இறந்தால் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுங்கள்: இறப்புச் சான்று பத்து நகல்கள், கருவூலத்துக்குத் தகவல், குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம், குடும்பப் பாதுகாப்பு நிதி விண்ணப்பம். இறந்த பிறகு கணக்கில் வந்துவிடும் ஓய்வூதியத்தை எடுக்கக்கூடாது, திருப்பிக் கேட்பார்கள் என்பதையும் எழுதுங்கள். குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம்தான். அந்தத் தொகைக்குள் வீடு நடக்குமா என்று இருவரும் சேர்ந்து ஒரு மாதம் செலவு செய்தே பாருங்கள். பலருக்கு வைப்பை யார் பெயரில் போடுவது என்பது அப்போதுதான் தெளிவாகும்.

பிறகு இன்னொரு பயிற்சி. இதுவரை வங்கிக்குப் போகாதவர் யாரோ, அவர் இனி மாதம் ஒருமுறை தனியாகப் போகட்டும். ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது, பாஸ்புக் பதிவது, சிலிண்டர் பதிவு செய்வது, மின்கட்டணம் கட்டுவது. மறுபக்கம், இதுவரை அடுப்பைத் தொடாதவர் சோறு, ரசம், ஒரு பொரியல் வரை கற்றுக்கொள்ளட்டும்.

நோட்டின் அட்டையில் பெரிய எழுத்தில் மூன்று எண்கள்: அவசர மருத்துவ ஊர்தி 108, முதியோர் உதவி எண் 14567, இணையப் பண மோசடிக்கு 1930. காவல்துறை என்று சொல்லிக்கொண்டு வீடியோ அழைப்பில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டினால் போனை வைத்துவிட்டு 1930-ஐ அழையுங்கள். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது. பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்கு அதை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. நோட்டு எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வருடா வருடம் நேர்காணல் முடிந்து வந்த அன்றே அதைத் திறந்து மாறியவற்றைத் திருத்திவிடுங்கள்.